மறதிக்குச் செலேனியக் குளிசை கொடுக்கலாமா? மூளையைக் காக்கும் புரதங்கள் பற்றி ஒரு விளக்கம்

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊருக்கு வரும் பொதிகளில் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே இப்போது குளிசைப் போத்தல்களும் இருக்கின்றன. வன்னியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு வந்த போத்தலில் 'செலேனியம் 200 மைக்குரோகிராம்' என்று எழுதியிருந்தது. தாயாருக்கு ஞாபகம் குறைந்துகொண்டு வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் இணையத்தில் வாசித்துவிட்டு அனுப்பியிருக்கிறார். "தம்பி, இதைக் குடுத்தால் அம்மாவின்ர மறதி நிக்குமோ?" என்று மகள் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி வாசித்தவற்றையே இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில் சுருக்கமான பதில். செலேனியம் இல்லாமல் மூளை இயங்காது, அது உண்மை. ஆனால் உடலில் போதிய அளவு செலேனியம் உள்ள ஒருவருக்கு மேலதிகமாகக் கொடுத்தால் மறதி நோய் வராது, நின்றுவிடும் என்பதற்குச் சான்று இல்லை. அளவு மிஞ்சினால் அது நஞ்சு.

நஞ்சு என்று அறியப்பட்ட மூலகம்

செலேனியத்தை 1817இல் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் பேர்சிலியஸ் கண்டுபிடித்தார். கிரேக்கத்தின் நிலாத் தெய்வமான 'செலீனி'யின் பெயரைச் சூட்டினார். நீண்ட காலமாக அது கால்நடைகளைக் கொல்லும் நஞ்சாகவே அறியப்பட்டிருந்தது. 1957இல் அமெரிக்காவில் கிளவுஸ் சுவார்ட்ஸ், கல்வின் போல்ட்ஸ் ஆகிய இருவரும், மிகச் சிறிதளவு செலேனியம் எலிகளின் ஈரல் அழிவதைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். சீனாவின் கெஷான் மாவட்டத்தில் 1935இல் பதிவான ஓர் இதயத்தசை நோய்க்கு அங்குள்ள மண்ணில் செலேனியம் குறைவாக இருப்பது முக்கிய காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. 1970களில் அங்கே செலேனியக் குளிசை கொடுக்கப்பட்டபோது நோய் வெகுவாகக் குறைந்தது.

ஆகவே, குறைபாடு உள்ள இடத்தில் செலேனியம் உயிர்காக்கும் மருந்து. குறைபாடு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பது வேறு கேள்வி.

செலேனியப் புரதம் என்றால் என்ன?

நம் உடலின் புரதங்கள் 20 வகையான அமினோ அமிலங்களால் ஆனவை என்று பாடசாலையில் படித்திருப்போம். 21ஆவதாக ஒன்று உண்டு. அதன் பெயர் செலெனோசிஸ்டீன். செலேனியம் இதற்குள்ளேதான் அமர்ந்திருக்கிறது. மரபணுக் குறிப்பில் 'இங்கே நிறுத்து' என்று பொருள்படும் ஓர் அடையாளத்தை, கலம் சில இடங்களில் மட்டும் 'இங்கே செலெனோசிஸ்டீனைச் சேர்' என்று வாசிக்கிறது. இப்படி உருவாகும் புரதங்களே செலேனியப் புரதங்கள். மனிதரில் இவற்றுக்கான மரபணுக்கள் 25 உள்ளன.

இந்தப் புரதங்களை உருவாக்கும் பொறிமுறை பழுதானால் மூளைக்கு என்ன ஆகும் என்பதற்கு மனிதரிலேயே ஆதாரம் உண்டு. செலெனோசிஸ்டீனைத் தயாரிக்கும் ஒரு நொதியத்தின் மரபணு பழுதாகப் பிறந்த குழந்தைகளின் மூளையும் சிறுமூளையும் படிப்படியாகச் சுருங்குவதை 2010இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் விவரித்தார்கள். மிக அரிதான நோய் அது.

மூளைக்கே முதல் பங்கு

உணவில் வரும் செலேனியத்தை ஈரல் வாங்கி, 'செலெனோபுரதம் பி' என்ற ஒரு புரதத்தில் ஏற்றிக் குருதியில் அனுப்புகிறது. மூளையில் அதைப் பிடித்து உள்ளே எடுக்கும் வாங்கிகள் உள்ளன. உணவில் செலேனியம் குறைந்தால் ஈரலும் தசையும் முதலில் இழக்கும்; மூளை தன் பங்கை நீண்ட நாள் வைத்துக்கொள்ளும். பஞ்ச காலத்தில் வீட்டில் இருக்கும் கொஞ்ச அரிசியைப் பிள்ளைக்கு முதலில் போடுவதைப் போன்ற ஒழுங்கு இது.

இந்தப் புரதத்தை உருவாக்க முடியாத சுண்டெலிகள் பற்றிய ஆய்வுகள் 2003இல் வெளியாயின. அவற்றின் மூளையில் செலேனியம் குறைந்தது, நடை தடுமாறியது, வலிப்பு வந்தது.

உள்ளே நடக்கும் காவல்

மூளை உடல் நிறையில் ஏறத்தாழ 2 வீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 வீதத்தை அது எடுக்கிறது. அதோடு மூளை கொழுப்பு நிறைந்த உறுப்பு. நாள்பட்ட எண்ணெய் காற்றுப் பட்டுப் பழுதாகி மணப்பதை அறிவோம். அதைப் போன்ற ஒட்சியேற்றம் நரம்புக்கலங்களின் கொழுப்புச் சவ்விலும் நடக்கக்கூடும். இரும்பு அதை வேகப்படுத்தும். இவ்வாறு கலம் இறப்பதற்கு 2012இல் 'பெரொப்டோசிஸ்' என்று பெயரிட்டார்கள்.

இதைத் தடுக்கும் முக்கிய காவலாளி ஜிபிஎக்ஸ்4 என்ற செலேனியப் புரதம். சுண்டெலிகளின் நரம்புக்கலங்களில் இதை அகற்றியபோது கலங்கள் அழிந்தன. இயக்க நரம்புகளை இழந்தவை முடங்கின.

நோயுற்ற மனித மூளைகளிலும் தடயங்கள் உண்டு. அல்சைமர் நோயாளர்களின் மூளையில் படியும் புரதத் திட்டுக்களின் அருகே செலெனோபுரதம் பி காணப்பட்டது. பார்க்கின்சன் நோயில் அழியும் மூளைப்பகுதியில் ஜிபிஎக்ஸ்4 மொத்தமாகக் குறைந்திருந்தாலும், தப்பியிருந்த கலங்களில் அது கூடுதலாக இருந்தது. அந்தக் கலங்கள் போராடித் தப்பியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவை தொடர்பைக் காட்டும் தடயங்கள். குளிசை கொடுத்தால் குணமாகும் என்பதற்கான சான்று அல்ல.

குளிசையைச் சோதித்த ஆய்வு

அந்தச் சோதனையும் நடந்தது. அமெரிக்காவில் 60 வயதைத் தாண்டிய 7,540 ஆண்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்யப்பட்டது. சிலருக்கு விட்டமின் ஈ, சிலருக்கு நாளொன்றுக்கு 200 மைக்குரோகிராம் செலேனியம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசை. முடிவு 2017இல் வெளியானது. மறதி நோய் வந்தவர்களின் அளவில் குழுக்களிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இருக்கவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கர்களின் உணவில் பொதுவாகச் செலேனியக் குறைபாடு இல்லை. ஆய்வில் பெண்களும் இல்லை. எனவே குறைபாடு உள்ளவர்களைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லாது. ஆனால் வன்னிக்கு வந்த போத்தலில் இருந்ததும் இதே 200 மைக்குரோகிராம்தான்.

கூடினால் என்ன?

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை ஏறத்தாழ 55 மைக்குரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் அதிகபட்ச எல்லையை 255 ஆகக் குறைத்தது. இது உணவு, குளிசை இரண்டையும் சேர்த்த கணக்கு. 2008இல் அமெரிக்காவில் தவறாகத் தயாரிக்கப்பட்ட ஒரு திரவச் சத்துமருந்தைக் குடித்த 200க்கும் மேற்பட்டோருக்கு முடி கொட்டியது, நகம் கழன்றது, வயிற்றோட்டம் வந்தது.

இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரில் ஒரு பகுதியின் குழாய்நீரில் ஒருகாலத்தில் கனிம வடிவிலான செலேனியம் கூடுதலாக இருந்தது. அதைக் குடித்தவர்களிடையே இயக்க நரம்புகளை அழிக்கும் ஏஎல்எஸ் நோய் அதிகமாகக் காணப்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நோயாளர் எண்ணிக்கை சிறியது என்பதால் அதை முடிந்த முடிவாக எடுக்க முடியாது. மேலும், 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 200 மைக்குரோகிராமைப் பல ஆண்டுகள் எடுத்தவர்களிடையே நீரிழிவு கூடுதலாக இருந்தது. நீரிழிவு மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று.

நம் சோற்றுக்கோப்பையில்

இலங்கையின் ஈரவலய மண்ணில் செலேனியம் இருந்தும் அது பயிருக்கு எளிதில் கிடைப்பதில்லை என்று பிரித்தானிய, இலங்கை ஆய்வாளர்களின் ஆய்வொன்று 2000இல் காட்டியது. எனவே சோற்றை மட்டும் நம்புவது போதாது. ஆனால் மீனில் நிறைய உண்டு. அமெரிக்க உணவுத் தரவுகளின்படி சூரை இனத்து மீன் 85 கிராமில் ஏறத்தாழ 90 மைக்குரோகிராம், ஒரு முட்டையில் ஏறத்தாழ 15 மைக்குரோகிராம் இருக்கிறது. இறாலும் இறைச்சியும் நல்ல மூலங்கள். கிழமைக்குச் சில தடவை மீனோ முட்டையோ சாப்பிடும் ஒருவருக்கு இந்தக் குளிசை பெரும்பாலும் தேவைப்படாது.

நடப்பதும் உதவக்கூடும். சுண்டெலிகள் ஓடும்போது குருதியில் செலெனோபுரதம் பி கூடுவதையும், அதனால் ஞாபகத்துக்குரிய மூளைப்பகுதியில் புதிய நரம்புக்கலங்கள் உருவாவதையும் 2022இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். முதிய சுண்டெலிகளில் செலேனியம் கொடுத்தும் பலன் கிடைத்தது. மனிதரில் இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

நாம் தவறவிடக் கூடாதது

லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. தலைக்காயம், கேள்திறன் இழப்பு, குறைந்த கல்வி, மனச்சோர்வு, தனிமை, நீரிழிவு, உயர் குருதியமுக்கம் ஆகியவை அதில் உள்ளன. அந்தப் பட்டியலை வாசிக்கும்போது நம் ஊர்களின் முகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. ஷெல் வெடித்துக் காது கேளாமல் போனவர்கள், தலையில் துகளோடு வாழ்பவர்கள், இடப்பெயர்வால் படிப்பை விட்டவர்கள், பிள்ளைகள் காணாமலாக்கப்பட்ட பின் வீட்டுக்குள் ஒடுங்கிப்போன தாய்மார். அந்தப் போத்தலின் விலை இவற்றில் எதையும் தொடாது. காது கேட்கும் கருவி, அமுக்கத்துக்கும் சீனி வருத்தத்துக்கும் ஒழுங்கான மருந்து, தினமும் பேச ஒரு ஆள் ஆகியவை தொடும்.

மறதி என்றால் வயது போனதுதானே என்று விடவும் கூடாது. விட்டமின் பி12 குறைபாடு, தைரொயிட் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, விழுந்தபின் தலைக்குள் ஏற்படும் குருதிக் கசிவு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தாமதித்தால் வாய்ப்பு குறையும். எனவே அந்த அக்காவுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அம்மாவை வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எப்போதிருந்து, எதையெல்லாம் மறக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் குடிக்கும் எல்லா மருந்துகளோடும் அந்தப் போத்தலையும் எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள். அதுவரை அதைத் திறக்க வேண்டாம்.