குளவியைக் கொன்ற ஊரும் குளவியைக் கூப்பிட்ட ஊரும்

2019 டிசம்பரில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய பிளெய்ன் என்ற ஊரில் ஒரு பெரிய கதண்டு செத்துக் கிடந்தது. அது ஆசியாவின் ராட்சதக் கதண்டு. கூட்டமாக வந்தால் சில மணி நேரத்தில் ஒரு தேன்கூட்டையே காலிசெய்துவிடும். அடுத்த ஆண்டு, உயிரோடு பிடித்த கதண்டுகளின் உடம்பில் குட்டி ரேடியோ கருவியை நூலால் கட்டிப் பறக்கவிட்டு, வேளாண் துறைக்காரர்கள் பின்னாலேயே போனார்கள். மரப்பொந்தில் கூடு சிக்கியது. 2020 அக்டோபர் 24-ஆம் தேதி கூட்டிலிருந்து கதண்டுகளைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். 2021-இல் இன்னும் மூன்று கூடுகள். பிறகு ஒன்றும் அகப்படவில்லை. 2024 டிசம்பரில் ‘ஒழிந்தது’ என்று அறிவித்தார்கள்.

வந்தேறிப் பூச்சியை ஒழிப்பது என்றால் நம் மனதில் வரும் படம் இதுதான்: துரத்து, கண்டுபிடி, கொல். ஆனால் தமிழ்நாட்டில் நடந்த கதையில் குளவி வில்லன் இல்லை. நாமே வரவழைத்த விருந்தாளி.

2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மரங்களில் வெள்ளைப் பஞ்சு அப்பியது போல ஒரு பூச்சி தென்பட்டது. அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி. இந்தியாவில் அதை முதலில் பதிவுசெய்தவர்களில் பூச்சியியலாளர் ஆர். முனியப்பனும் ஒருவர். பெயரில்தான் பப்பாளி. மரவள்ளி, பருத்தி, மல்பெரி, செம்பருத்தி, ஏன், பார்த்தீனியத்தைக்கூட விடவில்லை. திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் என்று பரவியது.

இதன் கால்களில் ரேடியோ கட்ட முடியுமா? ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத குஞ்சுகள் காற்றில் மிதக்கும், எறும்போடு போகும், மனிதரின் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும். திருத்தணிப் பக்கம் பொதட்டூர்பேட்டையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆந்திரா வந்துவிடும். சட்டை மடிப்பில் இருக்கும் குஞ்சுக்கு மாநில எல்லை ஏது? நான்கு கூடுகளைத் தேடி அழிக்கலாம். வேலியோரக் களைச்செடியில்கூட வாழும் பூச்சியை எங்கே போய்த் தேடுவது?

விவசாயிகள் மருந்தடித்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? ஆனால் பூச்சியின் மேலிருந்த மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடவில்லை. மாவுப்பூச்சியைத் தின்னும் உள்ளூர்ப் பூச்சிகள்தான் மருந்தில் செத்தன. பட்டு வளர்ப்பவர்கள் பாடு இன்னும் மோசம். மல்பெரி இலையில் விஷம் தெளித்தால் அதைத் தின்னும் பட்டுப்புழு சாகும். தெளிக்காவிட்டால் இலையே மிஞ்சாது.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி நம் சரித்திரத்திலேயே இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து துணிக்குச் சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்பது கணக்கு. பொதட்டூர்பேட்டை மாதிரி நெசவு ஊர்களுக்குச் சாயத்தின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது வேறு இனம். அதன் சாயம் மட்டம். ஆனால், சாயத்துக்கு உதவாத அந்தப் பூச்சி, காடாக மண்டிக்கிடந்த ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. 1836 வாக்கில் தென்னிந்தியாவில் அதை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு அசையாத இன்னொரு கள்ளிக்கு, 1926-இல் இலங்கையிலிருந்து மற்றொரு இனம் வந்தது; அதுவும் வேலையை முடித்தது. இனம் மாறினால் பலன் இல்லை என்ற பாடமும் இதிலேயே இருக்கிறது.

அதனால்தான் 2008-இல் பூச்சியின் சரியான பெயர் தெரிந்தது அவ்வளவு முக்கியம். பெயர் தெரிந்தால் பிறந்த ஊர் தெரியும். பிறந்த ஊர் தெரிந்தால் அங்கே அதன் எதிரி யார் என்றும் தெரியும். கரீபியன் தீவுகளிலும் குவாமிலும் இதே மாவுப்பூச்சியை ஒட்டுண்ணிக் குளவிகளை வைத்து ஏற்கனவே அடக்கியிருந்தார்கள். 2010-இல் பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. தனிமைக் கூடத்தில் வைத்துச் சோதித்து, பெருக்கி, அதே ஆண்டு வயல்களில் விட்டார்கள். இதில் பெயர் வாங்கியது அசெரோபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று, காய்ந்த கூட்டில் ஓட்டை போட்டு வெளியே வரும்.

விட்ட இடங்களில் சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கியது. ஐந்தாண்டுகளில் இதனால் கிடைத்த பலன் குறைந்தது 52 கோடி டாலர் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

‘அடங்கியது’ என்றுதான் சொல்ல முடியும், ‘ஒழிந்தது’ என்றல்ல. மாவுப்பூச்சி இன்றும் இருக்கிறது. அது முழுக்க அழிந்தால் குளவிக்கும் சோறில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்துகொண்டே இருப்பதுதான் இந்த ஏற்பாடு.

2008-இல் கண்டதற்கு 2010-இல்தான் குளவி வந்தது. அந்த இரண்டு ஆண்டில் மரத்தை வெட்டியவர்கள், மல்பெரியைப் பிடுங்கியவர்கள், கடன் வாங்கி மருந்தடித்தவர்கள் நட்டத்தை யாரும் திருப்பித் தரவில்லை. 2020-இல் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி தென்பட்டு, சேலம், நாமக்கல் பக்கம் பரவியபோதும் இதே வழிதான். ஆப்பிரிக்காவில் ஏற்கனவே வென்ற அனகைரஸ் லோபெசி குளவி, 2021-இல் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு வந்தது. 2022 மார்ச்சில் வயலுக்குப் போனது. அப்போதும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அடுத்த பூச்சி எந்தத் துறைமுகத்தில் இறங்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து அதன் பெயரைச் சொல்ல யாராவது இருக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் எடுப்பதுதான் முதல் மருந்து.