கட்டை விரல் வலியும் கீபோர்டு வரலாறும்



"நாலு மாசமா பதிவே காணோமே டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வலது கட்டை விரல்தான் சரியில்லை. ஓய்வு பெற்றதிலிருந்து நீங்கள் படித்த பதிவுகள் அத்தனையும் போனில், ஒரே கட்டை விரலால் குத்திக் குத்தி எழுதியவை. சித்திரை மாதம் வலி மணிக்கட்டு வரைக்கும் ஏறிவிட்டது. மூடியைத் திருகித் திறக்க முடியவில்லை. "போன்ல டைப் பண்றதை நிறுத்துங்கம்மா. எழுதியே ஆகணும்னா பத்து விரலாலும் எழுதுங்க" என்றார் டாக்டர்.

பத்து விரலால் எழுதுவது எனக்குப் புதிதல்ல. ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் முன் இங்கிலீஷ் லோயர், தமிழ் லோயர் இரண்டும் முடித்தவள் நான். ஆகவே வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அதனோடு வந்த கீபோர்டு களிமண்ணை அமுக்குவது போல இருந்தது. எழுத்து விழுந்ததா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. அதனால் ஓங்கி அடித்தேன். ஒரே வாரத்தில் மற்ற விரல்களும் வலிக்க ஆரம்பித்தன.

பத்தாம் வகுப்பு முடித்த என் மகள் வயிற்றுப் பேரன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அம்மாச்சி, நீங்க மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குங்க. நானும் கேம் ஆடிக்கிறேன்" என்றான். நல்ல மார்க் வாங்கினால் ஏதாவது வாங்கித் தருவதாக அவனுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்று, என் பென்ஷனில் அந்த மாதம் ஒதுக்க முடிந்ததும் ஒன்றுக்குத்தான். இருவருக்கும் பொதுவாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாங்குவதற்கு முன் கொஞ்சம் படிப்போம் என்று உட்கார்ந்தேன். என் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே, அது வரலாற்றுப் பாடமாகிவிட்டது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1868இல் தட்டச்சு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதைத் தயாரித்து விற்க முன்வந்தது ரெமிங்டன், துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்துகொண்டிருந்த கம்பெனி. 1874இல் விற்பனைக்கு வந்த முதல் மாடல் பார்க்கவும் தையல் மெஷின் போலவேதான் இருந்தது. பூ வேலைப்பாடு, கீழே கால் மிதி. மிதித்தால் காகிதம் அடுத்த வரிக்குப் போகும். பெரிய எழுத்து மட்டும்தான் அடிக்கும். எழுத்து காகிதத்தின் அடிப்பக்கமாக வந்து விழுந்ததால், அடிப்பவருக்குத் தான் அடித்தது உடனே தெரியாது. ஷிப்ட் விசையும் சின்ன எழுத்தும் 1878இல் வந்த இரண்டாம் மாடலில் வந்தன. இன்று நாம் பார்க்கும் க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய் வரிசையும் அதில் நிலைபெற்றது. வேகமாக அடித்துக் கம்பிகள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கும்படி எழுத்துகளைக் கலைத்துப் போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை மறுத்து, தந்தி ஆபரேட்டர்களின் தேவையை ஒட்டி வரிசை படிப்படியாக மாறியது என்கிறார்கள். அன்று என்னிடம் கேட்டவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான். அந்த மெஷினில் விரலின் பலம்தான் எழுத்தை அடித்தது. விசையை அமுக்கினால் கம்பி எழும்பி, ரிப்பனைத் தாக்கி, காகிதத்தில் பதியும். சத்தம் வந்தால் எழுத்து விழுந்தது என்று அர்த்தம். விரலுக்கும் காதுக்கும் வேறு சாட்சி வேண்டியதில்லை.

எங்கள் ஊர் இன்ஸ்டிடியூட்டில் பன்னிரண்டு மெஷின்கள் இருந்தன. காலை ஆறு மணி பேட்ச். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று பக்கம் பக்கமாக அடிப்போம். விசையைப் பார்க்கக் கூடாது என்று மாஸ்டர் கைக்கு மேலே அட்டையை வைத்துவிடுவார். வரி முடியும்போது டிங் என்று மணி அடிக்கும், கேரேஜை இடது கையால் தள்ள வேண்டும். மாஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றிருப்பார். அங்கிருந்தே, "மூணாவது மெஷின், ரெண்டு விரல் சேர்ந்து விழுது" என்பார். சத்தத்தைக் கேட்டே கண்டுபிடிப்பார். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் இங்கிலீஷ் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். அந்த ஹாலில் நூறு பேர் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கும்போது ஓட்டுக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல இருக்கும்.

தமிழ் மெஷின் இன்னும் விசேஷம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்குப் போன ஆர். முத்தையா அமைத்துக் கொடுத்தது, ஜெர்மனியில் செய்யப்பட்டு வந்தது. 247 எழுத்து எங்கே, நாற்பத்துச் சொச்சம் விசை எங்கே! அவர் பயன்படுத்திய வழி நகரா விசை. புள்ளியை அடித்தால் புள்ளி விழும், ஆனால் காகிதம் நகராது. அடுத்து ம அடித்தால் அதே இடத்தில் விழுந்து ம் ஆகிவிடும். ஆகவே தமிழ் தட்டச்சு படித்த எங்களுக்கு எழுதும்போது மெய்க்குப் புள்ளி பின்னால், மெஷினில் புள்ளி முன்னால். வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போதுகூட ஒருமுறை புள்ளியை முதலில் வைத்துவிட்டு முழித்திருக்கிறேன்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். இங்கே விசை எதையும் அடிப்பதில்லை. மின்சுற்றை மூடினால் போதும், சத்தமே தேவையில்லை. ஆனாலும் தேவையில்லாத இடத்தில் சத்தத்தை வேண்டுமென்றே வைத்தார்கள். காரணம், வாங்கப்போகிறவர்கள் எல்லாம் தட்டச்சுக்காரர்கள். ஐபிஎம் பொறியாளர் ரிச்சர்ட் ஹண்டர் ஹாரிஸ் 1970களில் ஓர் அமைப்பைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுருள்வில். அமுக்க அமுக்கச் சுருங்கி, ஒரு கட்டத்தில் தாங்காமல் பக்கவாட்டில் சட்டென்று மடங்கும். மடங்கும் அந்த நொடியில் டக் என்று சத்தம், அதே நொடியில் எழுத்துப் பதிவு. 1981இல் வந்த ஐபிஎம் பிசி இந்த வகைக் கீபோர்டுடன்தான் வந்தது. பிறகு 1980களின் நடுவில் வந்த மாடல் எம் இரண்டு கிலோவுக்கு மேல் எடை. அந்தக் காலத்தில் யாரும் இதற்கு 'மெக்கானிக்கல்' என்று தனிப் பெயர் வைத்துக் கொண்டாடவில்லை. கீபோர்டு என்றாலே அப்படித்தான்.

அப்புறம் விலை யுத்தம். 1990களில் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வீடு போக ஆரம்பித்ததும், கம்பெனிகள் காசு மிச்சம் பிடித்த இடங்களில் ஒன்று கீபோர்டு. சுருள்வில் போய், பிளாஸ்டிக் தாளும் அதன்மேல் ரப்பர் குமிழும் வந்தன. குமிழ் முழுவதும் நசுங்கித் தாளும் தாளும் தொட்டால்தான் எழுத்து விழும். நான் களிமண் என்றேனே, அது இதுதான். கோளாறு என் விரலில் இல்லை என்று தெரிந்ததும் பாதி வலி போன மாதிரி இருந்தது.

நல்ல விசை முற்றிலும் அழிந்திருக்க வேண்டியது. அழியாமல் மீட்டவர்கள் யார் தெரியுமா? நாம் "எந்நேரமும் கேம், கேம்" என்று திட்டுகிறோமே, அந்தப் பிள்ளைகள். ரப்பர் கீபோர்டில் பல விசைகளைச் சேர்த்து அமுக்கினால் சில பதிவதில்லை. ஓடிக்கொண்டே குதித்துக்கொண்டே சுட வேண்டியவனுக்கு அது தோல்வி. மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச், நல்லவற்றில் கூடவே தனித்தனி டையோடும் இருப்பதால் எத்தனை விரல் வைத்தாலும் கணக்குத் தப்பாது. செர்ரி என்ற கம்பெனி 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சுகள் ஓரமாக விற்றுக்கொண்டிருந்தன. 2010இல் ரேசர் நிறுவனம் அந்த சுவிட்சை வைத்து விளையாட்டுக்காரர்களுக்கென்றே கீபோர்டு விட்டது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். காப்புரிமைக் காலம் முடிந்ததும் சீனக் கம்பெனிகளும் அதே வடிவத்தில் செய்ய, விலை இறங்கி நம் கைக்கு எட்டியது. இந்தக் காலத்தில்தான் கோத்ரெஜ், 1955இல் இந்தியாவில் முதன்முதலாகத் தட்டச்சு மெஷின் செய்த கம்பெனி, அந்தத் தயாரிப்பை நிறுத்தியது. ஒரு பக்கம் மெஷின் போய்க்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் அதன் சத்தம் வேறு வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

சுவிட்ச் வகையை நிறத்தால் சொல்கிறார்கள். சிவப்பு நேராக வழுக்கிக்கொண்டு இறங்கும், தடையோ சத்தமோ இல்லை, சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். பழுப்பு நடுவில் ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கும். நீலம் அந்த மேட்டோடு டக் என்று சத்தமும் போடும், 60 கிராம் கேட்கும். மூன்றும் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், ஆனால் பாதி தூரத்திலேயே எழுத்து விழுந்துவிடும். அடிவரைக்கும் குத்த வேண்டிய அவசியமே இல்லை. என் விரலுக்கு வேண்டியது இதுதான்.

படித்தது போதும் என்று பேரனைக் கூட்டிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரத் தம்பி மூன்று நிறத்தையும் முன்னால் வைத்தார். நீலத்தில் கை வைத்து ஏ எஸ் டி எஃப் அடித்தேன். எனக்குப் பதினெட்டு வயது. வேறெப்படிச் சொல்வது? பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேரன் முகம் மட்டும் விழுந்துவிட்டது. அவனுக்குச் சிவப்பு வேண்டும். ஒரே விசையை மளமளவென்று தட்ட மேடு இருந்தால் தடை என்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தான். பழுப்பை வாங்கிச் சமாதானமாகப் போகலாம் என்றார் கடைக்காரர். அடித்துப் பார்த்தேன். அந்த மேடு இருப்பதே தெரியவில்லை. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி ஏமாற்றம் தருவதற்கு அவ்வளவு காசா?

இதற்கிடையே எழுத்து வரிசைப் பிரச்சினை. சுவிட்சைவிட இது பெரியது என்பது என் கருத்து, ஆனால் கடையில் யாரும் இதைப் பேசுவதில்லை. பழைய தட்டச்சு வரிசை என் விரலில் ஊறியது. இடது கை யளனக இன்றும் தானாக வரும். ஆனால் நான் தமிழ் 99க்கு மாறிவிட்டேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி உருவாகி, அந்த ஆண்டே தமிழக அரசு ஏற்ற வரிசை அது. விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பழைய மெஷினில் அ, புள்ளி, ம, ம, கால் என்று ஐந்து. முதல் வாரம் அழுகை வந்தது. மூன்றாவது வாரம் பழகிவிட்டது. அறுபதைத் தாண்டிய எனக்கு வந்தால் உங்களுக்கும் வரும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து மாற்றிக்கொண்டிருக்கும் என் பழைய மாணவர்கள், குறிப்பாகத் தமிழாசிரியர்களாக இருப்பவர்கள், தயவுசெய்து ஒரு மாதம் முயன்று பாருங்கள்.

கடையில் வழக்குத் தீர்ந்த விதத்தைச் சொல்கிறேன். "இதுல சுவிட்சைக் கழட்டி மாட்டிக்கலாம்மா, பத்த வைக்க வேண்டாம்" என்று வேறொரு கீபோர்டைக் காட்டினார் தம்பி. பேரன் சட்டென்று கேட்டான், "அம்மாச்சி, எனக்கு டபிள்யூ, ஏ, எஸ், டி நாலு மட்டும் சிவப்பா இருந்தா போதும். மத்ததெல்லாம் நீங்க நீலம் வச்சுக்குங்க." அவன் விளையாட்டில் முன்னே, பின்னே, இடம், வலம் ஓடுவது அந்த நான்கு விசையில்தானாம். தம்பி சின்ன இடுக்கியால் நான்கு நீலத்தைப் பிடுங்கி, நான்கு சிவப்பை அழுத்திக் கொடுத்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் டைப் அடிக்கக் கூடாது என்று மகள் சட்டம் போட்டிருக்கிறாள். பேரனுக்கு ஒன்பதரைக்கே சட்டம்.

வீட்டுக்கு வந்து இந்தப் பதிவை அடிக்கும்போதுதான் கவனித்தேன். தமிழ் 99இல் அவனுடைய அந்த நான்கு விசையும் ஈ, அ, இ, உ. என் கீபோர்டில் இப்போது மெய்யெல்லாம் டக் டக் என்று சத்தம் போடுகிறது, இந்த நாலு உயிரும் சத்தமில்லாமல் விழுகிறது. இலக்கண வகுப்பில் உங்களுக்கு நான் நேர்மாறாக அல்லவா சொல்லிக் கொடுத்தேன்!

அடுத்த வாரம் நம் ஊர் ஏரி மதகு பற்றி எழுதுகிறேன். விரல் நன்றாக இருக்கிறது.