அழகர்மலை ஊற்று

சென்ற வாரம் உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஏரிகளைக் கவனித்த குழுவான ஏரி வாரியத்தைப் பார்த்தோம். சாலவாக்கம் உட்பட நம் வட்டாரமே ஏரியை நம்பியது. கரை கட்ட வேண்டும், மதகு பார்க்க ஆள் வேண்டும், தூர் வார வேண்டும். இந்த வாரம் போகும் இடத்தில் தண்ணீரைச் சேர்த்து வைப்பது காடு.

மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் அழகர்மலை. அடிவாரத்தில் கள்ளழகர் கோயில், ஏறும் வழியில் பழமுதிர்சோலை, அதற்கும் மேலே ராக்காயி அம்மன் சன்னதியில் நூபுர கங்கை ஊற்று. உலகளந்த பெருமாளின் காற்சிலம்பில் பட்டுத் தெறித்த நீர் என்கிறது தலபுராணம். இதற்குச் சிலம்பாறு என்றும் பெயர்; அந்தப் பெயர் பரிபாடலிலேயே உண்டு.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை இதைவிடச் சுவையானது. கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் மதுரைக்கு நடக்கிறார்கள். எதிர்ப்படும் மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளைச் சொல்கிறான். இடப்பக்க வழியில் திருமால்குன்றம், அதாவது இதே அழகர்மலை. அங்கே ஒரு பிலத்துக்குள் (குகைக்குள்) சரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள். முதலாவதில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் கைவரும். இரண்டாவதில் முற்பிறப்பு தெரியும். மூன்றாவதில் நினைத்தது நடக்கும். சமணத் துறவியான கவுந்தி எதற்கும் மயங்கவில்லை. மெய்யும் கொல்லாமையும் காப்பவர்க்குக் கிட்டாத பொருள் எது என்று கேட்டுவிட்டு, வேறு வழியில் அழைத்துப் போகிறார். அவர் மறுத்த பொய்கைகளை இளங்கோ மறக்காமல் எழுதி வைத்தார். இதே மலையின் குகைத்தளத்தில் தமிழி எழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. சமணத் துறவியரும் இங்கே தங்கியவர்கள்தான் என்பதால் அந்த உரையாடல் எனக்கு வெறும் கற்பனையாகப் படவில்லை.

நூபுர கங்கை பாறை இடுக்குகளில் ஊறி வருவதால் இரும்புச் சத்துள்ள நீர் என்கிறார்கள். அழகருக்குத் திருமஞ்சனம் இந்த நீரில்தான். வேறு நீர் பட்டால் திருமேனி கறுக்கும் என்பது நம்பிக்கை. ஐப்பசியில் தைலக்காப்புக்குப் பெருமாளே மலையேறி வருகிறார். கோயில் தோசைக்கும் இந்த நீர்தான்.

மேலே மரம் நின்றால்தான் மழை ஓடிவிடாமல் மண்ணில் இறங்கும். இறங்கினால்தான் கோடையிலும் ஊற்று கசியும். அருகிலுள்ள அரிட்டாபட்டியின் சுனைகளுக்கும் இதே கதை. 2022-இல் அது தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. பின்னர் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊர்கள் திரண்டு எழுந்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.