எதிரியின் கணக்கில் சேராத மரணங்கள்

யுத்தங்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஏராளம். எந்தப் போர்க்களத்தில் எத்தனை பேர் மடிந்தனர் என்ற விபரங்களை அவற்றில் தேடிக்கொள்ளலாம். ஆனால், எதிரியின் குண்டு படாமலேயே மாண்டுபோன படையினரைப் பற்றி அந்நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. குதிரை உதைத்து இறந்தவன், முகாமுக்குத் திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து இறந்தவன், விடுமுறையில் கார் மோதி இறந்தவன் என்று இவர்களின் வரிசை நீளமானது. இவர்களுக்கு வீர மரணம் என்ற அந்தஸ்தும் கிடைப்பதில்லை. யுத்த காலத்தில் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. களமுனை இழப்புகள் தலைப்புச் செய்தியாகும். படையினரின் வாகனம் குடைசாய்ந்த சம்பவமோ உள்பக்கத்தில் ஒற்றைப் பத்திக்குள் அடங்கிவிடும்.

ஆயினும், இந்தக் கவனிக்கப்படாத மரணங்களை ஒரு சிலர் கவனித்தார்கள். அவர்களுள் மூவரின் கதை உலகின் சாதாரண குடிமக்களான நம் எல்லோருடனும் தொடர்புடையது.

முதலாமவர் போர்வீரரோ வைத்தியரோ அல்லர். ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் 1868இல் பிறந்து, பின்னர் பேர்லினில் பேராசிரியராக விளங்கிய லடிஸ்லாவுஸ் போர்ட்கீவிச் என்ற புள்ளிவிபரவியலாளர் அவர். பிரஷ்ய இராணுவத்தில் குதிரை உதைத்து இறந்தவர்களின் விபரங்களை 1875 முதல் 1894 வரையான 20 ஆண்டுகளுக்கு அவர் ஆராய்ந்தார். 10 படைப்பிரிவுகளில் மொத்தம் 122 பேர் அவ்வாறு இறந்திருந்தனர். 10 பிரிவுகளுக்கும் 20 ஆண்டுகள் வீதம் 200 ஆண்டுக் கணக்குகள். அவற்றுள் 109இல் ஒரு மரணமும் இல்லை. 65இல் ஒரு மரணம், 22இல் இரண்டு, மூன்றில் மும்மூன்று, ஒன்றே ஒன்றில் நான்கு.

இந்த எண்கள் பிரெஞ்சு கணிதவியலாளர் புவாசோன் வகுத்த நிகழ்தகவு விதியுடன் வியக்கத்தக்க அளவில் பொருந்தின. 1898இல் வெளிவந்த தமது நூலில் போர்ட்கீவிச் இதனை எடுத்துக்காட்டினார். இன்றும் புள்ளிவிபரவியல் பாடநூல்களில் இந்த அட்டவணை இடம்பெறுகிறது.

இதில் கணிதத்துக்கு அப்பாலும் ஒரு பாடம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஒரே ஆண்டில் நால்வரை இழந்த படைப்பிரிவின் தளபதி கவனக்குறைவானவர் என்று சொல்லிவிட முடியாது. ஒருவரையும் இழக்காத பிரிவின் தளபதி கெட்டிக்காரர் என்றும் சொல்ல முடியாது. தனித்தனியே பார்த்தால் தலைவிதி என்று தோன்றுபவை, கூட்டிப் பார்க்கும்போது ஒரு ஒழுங்குக்குள் வருகின்றன. அப்படியாயின், தனியொருவரைத் தண்டிப்பதால் மட்டும் இந்த மரணங்கள் குறையப்போவதில்லை. மரணம் நிகழும் சூழ்நிலையையே மாற்றியமைத்தாக வேண்டும்.

அதைச் செய்யப் புறப்பட்டவர் இரண்டாமவர். அவுஸ்திரேலியாவில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய மூளை சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கேர்ன்ஸ். 'அரேபியாவின் லோரன்ஸ்' என்று உலகம் அறிந்த ரி.ஈ. லோரன்ஸ், 1935 மே 13ஆம் திகதி மோட்டார் சைக்கிளில் சென்றபோது சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாமல் விலக முயன்று தூக்கி வீசப்பட்டார். தலையில் பலத்த காயம். ஆறு நாட்களின் பின்னர் அவர் காலமானார். பாலைவனப் போரில் தப்பிய மனிதரை இங்கிலாந்தின் கிராமத்து வீதி பலிகொண்டது. அவருக்குச் சிகிச்சையளிக்க அழைக்கப்பட்ட வைத்தியர்களுள் கேர்ன்ஸும் ஒருவர்.

இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்டபோது கேர்ன்ஸ் இராணுவ மருத்துவத்துறையில் இருந்தார். தகவல்களை எடுத்துச் செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் தலையில் காயமடைந்து தொடர்ச்சியாகக் கொண்டுவரப்பட்டனர். 1941 ஒக்டோபரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை, யுத்தத்துக்கு முந்திய 21 மாதங்களில் பிரிட்டனில் 1,884 மோட்டார் சைக்கிள் பயணிகள் இறந்திருந்ததையும், யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் அத்தொகை 2,279 ஆக உயர்ந்ததையும் சுட்டிக்காட்டியது. பெற்றோல் பங்கீடு நடைமுறையில் இருந்த காலம் அது. அப்படியிருந்தும் மரணங்கள் 21 சதவீதத்தால் அதிகரித்திருந்தன.

தலைக்கவசம் அணிந்திருந்த நிலையில் விபத்துக்குள்ளான ஏழு பேரை மட்டுமே கேர்ன்ஸால் அவதானிக்க முடிந்திருந்தது. அந்த ஏழு பேரும் உயிர் பிழைத்திருந்தனர். ஏழு என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் இராணுவம் அதனை அலட்சியம் செய்யவில்லை. 1941 நவம்பரில், கடமையில் ஈடுபடும் இராணுவ மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின்னர் மரணங்கள் குறைந்துவந்ததை 1946இல் கேர்ன்ஸ் மற்றொரு கட்டுரையில் காட்டினார். 1952இல் அவர் காலமானார். பிரிட்டனின் பொதுமக்களுக்குத் தலைக்கவசம் சட்டமானது 1973இல். ஒரு சிப்பாய்க்குக் கிடைத்த பாதுகாப்பு சாதாரண குடிமகனைச் சென்றடைய மூன்று தசாப்தங்களுக்கும் மேலாயிற்று.

இந்த உத்தரவு கடமையில் இருந்தவர்களுக்கே உரியது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கடமை முடிந்து வீதிக்கு வரும் படைவீரனின் உயிரைப் பற்றி யார் கவலைப்படுவது? அந்தக் கேள்வியைத் தொட்டவர் மூன்றாமவர்.

அமெரிக்க விமானப்படை வைத்தியரான ஜோன் போல் ஸ்டாப், வேகமாகச் செல்லும் விமானத்தில் இருந்து வெளியே எறியப்படும் விமானி உயிர் பிழைப்பானா என்பதை அறியத் தமது உடலையே பரிசோதனைக்கு உட்படுத்தினார். 1954 டிசெம்பர் 10ஆம் திகதி நியூ மெக்சிகோவின் ஹொலமன் தளத்தில், தண்டவாளத்தில் ஓடும் ரொக்கெட் வண்டியில் தம்மைப் பட்டிகளால் பிணைத்துக்கொண்டு மணிக்கு 632 மைல் வேகத்தை எட்டினார். வண்டி ஒன்றரை வினாடிக்கும் குறைவான நேரத்தில் நின்றது. புவியீர்ப்பைப் போல 46 மடங்கு விசை அவரது உடலைத் தாக்கியது. கண்களில் இரத்தம் கட்டி, சிறிது நேரம் பார்வையும் இழந்தார். ஆனால் பிழைத்தார். 18 மடங்குக்கு மேல் மனித உடல் தாங்காது என்று ஒருகாலத்தில் நம்பப்பட்டிருந்தது. சரியாகப் பிணைக்கப்பட்ட உடல் தாங்கும் என்று அவர் நிரூபித்தார்.

இதே ஸ்டாப் மற்றோர் உண்மையையும் கண்டறிந்தார். விமானப்படையினர் விமான விபத்துகளில் இறப்பதைவிடக் கார் விபத்துகளிலேயே கூடுதலாக இறந்துகொண்டிருந்தனர். வானத்தில் பட்டியணிந்து பறந்தவர்கள் தரையில் பட்டியின்றிப் பயணித்தனர். 1955இல் அவர் கார் மோதல்கள் பற்றிய மாநாடொன்றை ஹொலமன் தளத்திலேயே கூட்டினார். விமானப்படையின் பணத்தைக் கார்களுக்குச் செலவிடுவதா என்று மேலதிகாரிகள் ஆட்சேபித்தபோது, இந்த மரணக் கணக்கே அவரது பதிலாக இருந்தது. 1966 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜோன்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது ஸ்டாப் அங்கே நின்றிருந்தார். 1968 முதல் அமெரிக்காவில் புதிய கார்களில் ஆசனப்பட்டி கட்டாயமாயிற்று.

இராணுவங்கள் கருணையினால் மட்டும் இவற்றைச் செய்யவில்லை. பயிற்சி பெற்ற ஒரு விமானியை இழப்பது பெரும் பண இழப்பு. தகவல் கொண்டுசெல்பவன் வழியில் விழுந்தால் கட்டளை போய்ச் சேராது. மனிதர்களைச் சாவுக்கு அனுப்பும் அமைப்பொன்று, தேவையற்ற சாவில் இருந்து அவர்களைக் காப்பதற்குக் கணக்குப் போட்டது என்பது ஒரு முரண்தான். ஆனால் அந்தக் கணக்கின் பயன் இன்று நமக்கும் கிடைத்திருக்கிறது.

போர் முடிந்த நாடுகளிலும் வீதிகள் ஓய்வதில்லை. தலைக்கவசத்தைப் பொலிஸ்காரருக்குப் பயந்து கைப்பிடியில் தொங்கவிட்டுச் செல்லும் இளைஞர்களையும், பிள்ளையைக் கவசமின்றி முன்னால் இருத்திச் செல்லும் தந்தையரையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். விபத்து நேர்ந்தால் "அவனுடைய காலம் முடிந்துவிட்டது" என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம்.

காலம் முடிந்தது என்று சொல்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. குதிரை உதைத்து இறந்த அந்த 122 பேரையும் ஒருவர் எண்ணினார். தலை உடைந்து வந்தவர்களை இன்னொருவர் எண்ணினார். விடுமுறையில் சென்று திரும்பாதவர்களை மூன்றாமவர் எண்ணினார். உயிர்களைக் காக்கும் வேலை அங்கேதான் தொடங்கியது.