நிறம் பார்த்து வாங்கும் வெல்லம்: சிறு ஆலைக்காரரும் நுகர்வோர் தேர்வும்

சிறு வேளாண் தொழில்களில் நுகர்வோர் தேர்வை ஆராய்வோர் பெரும்பாலும் விலை, தரம், பொதியல், விளம்பரம் எனக் காரணிகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கேட்டு முடித்துக்கொள்கிறார்கள். ஈரோடு மாவட்டத்து வெல்ல ஆலைகளை வைத்துப் பார்த்தால் இந்த அடுக்கு போதாது. தரத்தை வாங்குபவரால் அறியவே முடியாது என்ற நிலைதான் அங்கே மற்ற காரணிகளுக்கு எடை தருகிறது.

கொப்பரையில் கரும்புச் சாறு கொதிக்கையில் சுண்ணாம்பு சேர்த்து, மேலே திரளும் அழுக்கை வழித்தெடுப்பார்கள். அத்தோடு விட்டால் வெல்லம் பழுப்பாக இருக்கும். ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைத் தூவினால் பொன்மஞ்சளாகும். சீனி கலந்தால் நிறமும் வெளுக்கும், எடையும் கூடும். ஹைட்ரோஸ் வெல்லத்தில் விட்டுச்செல்லும் கந்தக டைஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. மளிகைக் கடையில் அச்சுவெல்லத்தைக் கையிலெடுப்பவர் அதை எதைக் கொண்டு அளப்பார்? 1970இல் பொருளியலாளர் பிலிப் நெல்சன் பொருள்களை, வாங்குமுன் அறியக்கூடியவை, பயன்படுத்தி அறியக்கூடியவை என்று பிரித்தார். பயன்படுத்திய பின்னும் அறிய முடியாத பண்புகளை 1973இல் டார்பியும் கார்னியும் சேர்த்தனர். வெல்லத்தின் தூய்மை இந்தக் கடைசி வகை.

அளக்க வழியில்லாததால் கண் நிறத்தைப் பிடித்துக்கொள்கிறது. மஞ்சள் என்றால் சுத்தம் என்பது பழைய கணக்கு. கறுத்திருந்தால் கலப்படமில்லை என்பது இயற்கை அங்காடிகள் பரப்பிய புதுக் கணக்கு. பின்னதை விழிப்புணர்வு என்று பாராட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாகு அடிப்பிடித்தாலும், உவர் நிலத்துக் கரும்பானாலும், சரக்கு பழசானாலும் வெல்லம் கறுக்கும். வெளுத்த சரக்கே இருப்பில் கிடந்து கறுப்பதும் உண்டு.

விலைதான் முதன்மை என்று வாதிடலாம். மூட்டையாக எடுக்கும் பலகாரக் கடைக்காரருக்கு அது உண்மை. பொங்கலுக்கு ஒரு கிலோ வாங்கும் வீட்டுக்கு விலை வேறுபாடு அவ்வளவாக உறைப்பதில்லை. ஒரே கேள்வித்தாளில் இந்த இருவரையும் சேர்த்துச் சராசரி எடுப்பது வீண் வேலை.

பல ஆலைகளின் சரக்கு மண்டியில் ஒன்றாகக் கலந்து சில்லறைக்குப் போகும்போது, கலக்காமல் காய்ச்சியவருக்குத் தனிவிலை இல்லை. மங்கிய நிறத்துக்காக விலை குறைவதும் உண்டு. தரம் தெரியாச் சந்தையில் நல்ல சரக்கு பின்வாங்கும் என்று 1970இல் பொருளியலாளர் ஆக்கர்லாஃப் காட்டியது இதைத்தான். ஆலைக்கொட்டகைக்கே வந்து காய்ச்சுவதைப் பார்த்து வாங்குபவர் நிலை வேறு. அவர் வெல்லத்தை நம்புவதைவிட, நாளை போய்க் கேட்கக்கூடிய ஓர் ஆளை நம்புகிறார்.

கொட்டகைக்கு வர முடியாதவருக்கு ஆய்வகச் சான்று அந்த இடத்தை நிரப்பலாம். ஆனால் ஒவ்வொரு காய்ச்சலையும் சோதிக்கும் செலவு தனி ஆலைக்காரருக்குக் கட்டாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அச்செலவைப் பகிர்ந்து, உறையில் ஆலையின் பெயரையும் காய்ச்சிய தேதியையும் அச்சிடலாம். அப்படிச் செய்தால் மங்கிய நிறத்தை வாங்குபவர் எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்வார் என்பதே இனி அளக்க வேண்டியது.