கல்லில் ஓர் உத்தரவு, காகிதத்தில் ஓர் உத்தரவு

நாவல் எழுதுகிறவனுக்கு வேண்டாத புத்தகம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. சென்ற மாதம் ஒரு கதையில் கிணறு வெட்டும் காட்சி வரவேண்டியிருந்தது. அதற்காகப் பழங்காலத்துக் கிணறுகளையும் தொட்டிகளையும் பற்றிய புத்தகங்களைப் புரட்டிக் கொண்டிருந்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அப்படித்தான் ஆயிற்று. கிணறு பாதியில் நிற்கிறது. நான் பூதத்தின் பின்னால் போய்விட்டேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு கல். சாக்கடலுக்குக் கிழக்கே, இன்றைய ஜோர்டான் நாட்டில், திபான் என்ற ஊரில் 1868-ல் வெளியுலகத்துக்குத் தெரிய வந்த கல் அது. கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் மோவாப் தேசத்தை ஆண்ட மேசா என்ற அரசன் அதில் 34 வரிகளில் தன் பிரதாபங்களைப் பொறித்திருக்கிறான். சண்டை போட்டேன், ஊரைப் பிடித்தேன் என்று எல்லா அரசர்களும் பாடுகிற பாட்டுத்தான். ஆனால் நடுவில் ஒரு விஷயம் வருகிறது. நகரத்துக்குள் மழைநீர்த் தொட்டி இல்லாதிருந்ததாம். ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஒரு தொட்டி வெட்டிக்கொள்ள வேண்டும் என்று ஜனங்களுக்கு உத்தரவு போட்டானாம். பிற்பாடு அந்தக் கல்லுக்காகத் துருக்கி அதிகாரிகளும் ஐரோப்பியர்களும் போட்டி போட்டபோது, அங்கிருந்த நாடோடி அரபு மக்கள் எரிச்சலடைந்து, அதை நெருப்பில் காய்ச்சிக் குளிர்ந்த நீரைக் கொட்டி உடைத்துவிட்டார்கள். தண்ணீரைப் பற்றிப் பேசிய கல்லைத் தண்ணீராலேயே பிளந்த விந்தை! ஒட்டுப்போட்ட துண்டுகள் இப்போது பாரிஸில் லூவர் மியூசியத்தில் இருக்கின்றன.

சாக்கடலுக்கு மேற்குப் பக்கம் வந்தால், ஹெப்ரோன் நகரத்துக்குத் தெற்கே பாலஸ்தீன உழவர்களும் ஆட்டிடையர்களும் வாழும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். அங்கே ஆறு இல்லை. மழை அக்டோபர் கடைசியில் எட்டிப் பார்க்கும், ஏப்ரலோடு விடைபெற்றுக்கொள்ளும். மிச்ச மாதங்களில் ஒரு சொட்டு விழாது. அந்த மண்ணில் மனிதன் எப்படிப் பிழைத்தான் என்றால், மேசா அரசன் சொன்ன அதே உபாயத்தால்தான். பாறையில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு வாய் திறந்து, உள்ளே போகப் போக அகலமாகக் குடைவார்கள். நம் வீட்டுக் குடத்தைப் பூமியில் கழுத்துவரை புதைத்தது போல இருக்கும். உட்புறம் சுண்ணாம்புச் சாந்து பூசி, சரிவில் ஓடிவரும் மழைத் தண்ணீரை வாய்க்கால் கட்டித் திருப்பி, சேறு தங்குவதற்கு முன்னால் ஒரு சிறு பள்ளமும் வைத்துவிட்டால் தீர்ந்தது. வாய் குறுகலாக இருப்பதால் வெயில் தண்ணீரைக் குடிக்க முடியாது. சில தொட்டிகளின் வாய்க்கல்லில் கயிறு அறுத்த தடங்கள் விரல் ஆழம் இருக்கின்றன. எத்தனை தலைமுறை நீர் இறைத்ததற்குச் சாட்சி!

இனிமேல் காகிதத்துக்கு வருகிறேன்.

1967 ஜூன் யுத்தத்தில் ஜோர்டான் நதியின் மேற்குக் கரை இஸ்ரேல் ராணுவத்தின் வசமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே 92-ஆம் எண் ராணுவ உத்தரவு தண்ணீர் சம்பந்தமான அதிகாரங்கள் அனைத்தையும் ராணுவத்தின் கையில் கொடுத்தது. நவம்பரில் 158-ஆம் எண் உத்தரவு. தளபதியின் அனுமதியில்லாமல் யாரும் நீர் அமைப்பு எதையும் நிறுவவோ வைத்திருக்கவோ கூடாது என்பது அதன் சாரம். கிணறும் அதில் அடக்கம். மழைத் தொட்டியும் அடக்கம். இதை நான் படித்துச் சொன்னபோது, அரிசி களைந்து கொண்டிருந்த என் மனைவி, "வானத்திலிருந்து விழுகிற தண்ணீருக்குமா லைசென்ஸ்?" என்று கேட்டாள். அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டால் என்ன என்று நேயர்கள் நினைக்கலாம். கேட்காமல் இல்லை. 1995-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மேற்குக் கரையில் சுமார் 60 சதவிகித நிலம், 'சி' பகுதி என்ற பெயரில், முழுக்க இஸ்ரேலின் அதிகாரத்தில் இருக்கிறது. ஹெப்ரோன் குன்றுகளில் பெரும்பகுதி அதில்தான். அங்கே 2000 முதல் 2007 வரை பாலஸ்தீனர்கள் கொடுத்த கட்டட மனுக்களில் 94 சதவிகிதத்துக்கு மேல் தள்ளுபடியாயின. தள்ளுபடிக்குக் காட்டும் ஆதாரங்களில் ஒன்று, பிரிட்டிஷார் ஆண்ட காலத்தில் 1942-ல் வகுத்த நிலத் திட்டம்! அதில் இது விவசாய நிலம் என்று குறித்திருக்கிறதாம். விவசாய நிலமென்றால் தண்ணீர் வேண்டாமா என்று பிரிட்டிஷ்காரனைக் கேட்கலாமென்றால், அவன் 1948-லேயே கப்பலேறிவிட்டான்.

அனுமதியில்லாமல் வெட்டினால் முதலில் கட்டுவதை நிறுத்தும்படி உத்தரவு வரும். பின்பு இடிக்கும்படி உத்தரவு. உழவனைத் தேடிக் கையில் கொடுப்பதும் உண்டு. தொட்டியின் மேல் வைத்துக் கல்லைப் பாரமேற்றிவிட்டுப் போவதும் உண்டு. ஹீப்ரு தெரியாதவன் அதை எடுத்துக்கொண்டு வக்கீலைத் தேடி ஓட வேண்டும்.

இஸ்ரேல் சர்க்கார் சொல்லும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டவிரோதக் கட்டடத்தை எந்த சர்க்காரும் இடிக்கும்; 'சி' பகுதியின் அதிகாரத்தைத் தங்களிடம் விட்ட ஒப்பந்தத்தில் பாலஸ்தீனத் தலைவர்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். கையெழுத்திட்டது உண்மைதான். ஆனால் அது 1999-ல் முடிவதாக இருந்த இடைக்கால ஏற்பாடு. அப்பாவுக்கு ஐந்து நாள் கைமாற்றாகக் கொடுத்த மாட்டைப் பேரன் காலத்திலும் கட்டி வைத்துக்கொண்டிருப்பது போலல்லவா இருக்கிறது! தவிர, பிடித்த நாட்டில் ராணுவத்தின் அவசியத் தேவை இருந்தாலொழியச் சொத்தை அழிக்கக் கூடாதென்று 1949 ஜெனீவா உடன்படிக்கையின் 53-ஆம் ஷரத்து கூறுகிறது. மழைத் தொட்டியோடு எந்தப் பட்டாளத்துக்கு யுத்தம்?

சூசியா என்று ஒரு சிற்றூர். அங்கே மிகப் பழைய யூதத் தொழுகைக் கூடம் ஒன்றின் இடிபாடுகள் உண்டு. 1986-ல் அந்த இடத்தைத் தொல்பொருள் பிரதேசமாக அறிவித்து, குடியிருந்த பாலஸ்தீனக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அவர்கள் பக்கத்திலேயே தங்கள் விளைநிலங்களில் கூடாரம் போட்டுக்கொண்டார்கள். 2001 ஜூலையில் அருகே ஒரு யூதக் குடியேற்றவாசி கொல்லப்பட்டதை அடுத்து, ராணுவம் வந்து அவர்களுடைய கூடாரங்களையும் குகைகளையும் தொட்டிகளையும் சேர்த்து நாசமாக்கியது. வேலிக்கு உள்ளே பாறையில் வெட்டிய தொட்டி புராதனச் சின்னம். வேலிக்கு வெளியே அதே பாறையில் வெட்டிய தொட்டி அனுமதியற்ற கட்டடம். கதையில் இப்படி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

வீட்டை இடித்தால் கூடாரத்தில் இருக்கலாம். தொட்டியை இடித்தால்? லாரியில் தண்ணீர் வாங்க வேண்டும். விலையோ குழாய்த் தண்ணீரைப் போலப் பல மடங்கு. ஆட்டை விற்றுத் தண்ணீர் வாங்கி, மிச்ச ஆட்டுக்கு ஊற்ற வேண்டும். எத்தனை நாளைக்கு? யாரும் போ என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசி ஆட்டோடு அவனே போய்விடுவான்.

சூசியாவுக்குச் சற்றுத் தள்ளி மஸாஃபர் யாட்டா. அங்குள்ள சில ஊர்க்காரர்கள் இந்த லாரித் தொல்லை தாளாமல், தாங்களே சுமார் 20 கிலோமீட்டர் தூரம் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அரை வருஷம் வீட்டு வாசலில் தண்ணீர் கொட்டிற்று. 2019 பிப்ரவரியில் ராணுவப் பாதுகாப்போடு வந்த யந்திரங்கள் குழாயைப் பிடுங்கித் துண்டு துண்டாக வெட்டின. 2022 மே மாதத்தில், அந்த நிலம் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக்கு உரியது, மக்களை வெளியேற்றலாம் என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது.

புல்டோசர் தொட்டியை மூடும் விதம் எளிது. வாய்க்கல்லைப் பெயர்த்துவிட்டு, பக்கத்து மண்ணையும் பாறைத் துண்டுகளையும் உள்ளே தள்ள வேண்டியதுதான். அதிக நேரம் பிடிக்காது. திரும்பத் திறப்பது அப்படியல்ல. ஒருவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிக் கல்லையும் மண்ணையும் வாளியில் நிரப்ப, மேலே நிற்பவர்கள் இழுத்துக் கொட்ட வேண்டும். அக்டோபர் மேகம் கூடுவதற்குள் சுண்ணாம்புப் பூச்சும் முடிந்தாக வேண்டும். பாட்டன் வெட்டிய தொட்டியை அப்படிச் செப்பனிடுவதற்கும் அனுமதி கேட்டு ஒரு மனுப் போட வேண்டும்.