அறியாப் பாவங்களும் பொதுப் பாவ அறிக்கையும்

தீமை செய்யும் எண்ணமின்றி, கவனக்குறைவாலோ மறதியாலோ அறியாமையாலோ நேரும் மீறலை அறியாப் பாவம் என்பார்கள். அதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற வழக்கம் கிறித்தவத்துக்கு யூத மரபிலிருந்து வந்தது. லேவியராகமம் 4, 5 அதிகாரங்களில் இதற்கான பலிகள் ஆளுக்குத் தக்கபடி மாறுகின்றன: ஆசாரியன் தவறினால் இளங்காளை, தலைவனுக்கு வெள்ளாட்டுக் கடா, சாதாரண மனிதனுக்குப் பெண் ஆடு. சில குற்றங்களில், ஆட்டுக்கு வழியில்லாதவர் இரண்டு புறாக்களையும், அதுவும் முடியாதவர் கொஞ்சம் மாவையும் கொண்டுவந்தால் போதும். பதவி உயர உயர அறியாப் பிழையின் கனமும் கூடுகிறது. இன்றைய சபைத் தலைவர்கள் அதிகம் பிரசங்கிக்காத பகுதி இது. எண்ணாகமம் 15, துணிந்து செய்யும் பாவத்துக்கு இந்த வழியை அடைத்துவிடுகிறது.

பலிகள் கிறிஸ்துவோடு முடிந்தன என்பது எபிரெயர் நிருபத்தின் வாதம். ஆனால் தெரியாத பாவத்தை எப்படி அறிக்கையிடுவது? கத்தோலிக்க மரபில் முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாதது சாவான பாவம் ஆகாது. திரெந்து சங்கம் 1551-ல், நினைவுக்கு வரும் சாவான பாவங்களை ஒவ்வொன்றாகக் குருவிடம் சொல்ல வேண்டும் என்றது. மறந்துபோனவை அந்தப் பாவசங்கீர்த்தனத்திலேயே அடங்கிவிடும். ஆனால், அறிந்துகொள்ள முயலாமலே இருந்தவரின் அறியாமை அவரைக் காப்பாற்றாது. லூத்தரன்களின் 1530-ஆம் ஆண்டு அவுக்ஸ்பர்க் அறிக்கையோ பாவங்களை எண்ணிச் சொல்வது இயலாத காரியம் என்று 19-ஆம் சங்கீதத்தைச் சான்று காட்டியது.

ஆங்கிலிக்கன் சபையின் வழி, எல்லாரும் சேர்ந்து சொல்லும் அறிக்கை. தென்னிந்தியாவில் அந்த அறிக்கைக்கு ஆராதனையில் புதிய இடம் கிடைத்தது. சென்னை கோபாலபுரத்தில், கதீட்ரல் சாலைக்குப் பெயர் தந்த புனித ஜார்ஜ் பேராலயம் 1816-ல் பிரதிஷ்டையானது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை அங்கேதான் தொடங்கியது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் அதில் ஒன்றானார்கள். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் திருவிருந்து ஆராதனையின் நடுவே இருந்த பாவ அறிக்கையை, புதிய திருச்சபை தன் 1950-ஆம் ஆண்டு முறைமையில் வேதவாசிப்புக்கு முன்பாக, தொடக்கத்துக்கே கொண்டுவந்தது. நல்ல மாற்றம், கேட்கும் முன் காது சுத்தமாக வேண்டுமே.

சபையார் முழங்காற்படியிட்டு ஒரே குரலில் அறிக்கையைச் சொல்வார்கள். முழங்கால் வலிக்காரர்கள் உட்கார்ந்தபடியே முன்பெஞ்சில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வதும் உண்டு. முடிந்ததும் ஆயர் எழுந்து மன்னிப்பைக் கூறுவார். வாசகங்கள் பொதுவானவை, தனிக் குற்றங்களின் பட்டியல் இராது. நினைவில் இல்லாததும் அதற்குள் வந்துவிடுகிறது.

பின்னால் தவறு தெரியவந்தால் இந்தப் பொது அறிக்கை மட்டும் போதாது. பரிசுத்தப் பொருளில் அறியாமல் தவறியவர் ஆட்டுக்கடாவோடு, நட்டத்தையும் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றது லேவியராகமம். சகோதரனுக்கு மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொன்னார் இயேசு.